பாயும் நாட்கள்

படிவத்தின் முதல் கேள்வி ஆற்றின் பெயர்.
வழுக்கை என்று எழுதிவிட்டு
ஆறு என்று சேர்க்குமுன் பேனையை ஒருக்கால் தூக்கினேன்.
ஆவணி வெயில். மதகுக்குக் கீழே
கட்டின கயிற்றோடு ஒரு மறியாடு
நடு ஆற்றில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது.

அகலமும் கேட்டிருந்தார்கள்.
நாடாவின் மறுமுனையை ஆட்டோக்காரப் பெடியன் பிடித்தான்.
அளவெட்டியில் அவன் ஒரு பாய்ச்சலில் கடந்தான்.
கந்தரோடையில் பொலித்தீன் பைகளுக்கு மேலால் அளந்தோம்.
சண்டிலிப்பாயில் நாடா ஒரு மதிலில் முட்டியது.
மதிலுக்கு அந்தப் பக்கமும் ஆறுதான், பழைய வரைபடத்தில்.
நிலத்தில் அந்தப் பக்கம் குசினி,
தாளிக்கிற மணம்,
நாயைப் பிடித்தபடி வெளியே வந்த தர்மகுலசிங்கம்.

"தங்கச்சி, இது வாய்க்கால்.
வாய்க்கால் எண்டே எழுதுங்கோ.
ஆறெண்டால் நாளைக்கு ஆரும் வந்து வளவை அளப்பினம்."
சோடா உடைத்துத் தந்தார். குடித்தேன்.
குடித்துக்கொண்டே மதிலின் நீளத்தைக் கண்ணால் எண்ணினேன்,
அதை அவர் கண்டார்.

அடுத்த பக்கத்தில்: "ஆற்றில் தங்கியிருப்போர்."
ஐந்து வரி விட்டிருந்தார்கள்.

அராலியில் பூலோகநாதர் வரப்பில் குந்தியிருந்து சொன்னார்:
"ஒரு போகம்தான் பிள்ளை. மொட்டைக்கறுப்பன்.
ஆத்துத் தண்ணி வந்து கழுவினால்தான் உவரிறங்கும்.
அந்தா தெரியுது கதவு,
அதைத் திறக்கிறவன் கலியாண வீட்டுக்குப் போனானெண்டால்
கடல் வயலுக்குள்ள."
கதவின் பலகை இரண்டைக் காணவில்லை.
யாருடைய அடுப்பில் எரிந்ததென்று ஊருக்குத் தெரியும்.
அந்தக் கேள்வி என் படிவத்தில் இல்லை.

கிருபைராணி களங்கண்டிக் கம்புகளை வெயிலில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.
நிமிரவில்லை.
"நல்ல தண்ணி கலந்தால் றால் படும்.
போன மாரி பன்ரண்டு நாள் கலந்தது.
முன்ன எத்தினை நாளெண்டு என்னைக் கேட்காதையுங்கோ,
அப்ப நாங்கள் இஞ்ச இல்லை,
முகாமில."

சுன்னாகத்து வெங்காயத் தோட்டத்தில்
இறைப்பு மிசின் சத்தத்துக்கு மேலால் நவமலர் கத்தினாள்:
"ஆறோ? எங்களுக்கு ஒரு ஆறுமில்லை, கிணறு கிடக்கு."
அவளுடைய பெயரை ஓரத்தில் சரித்து எழுதினேன்.
சுண்ணாம்புக் கல்லுக்கு அடியால் எங்கே போய் எங்கே ஊறுகிறதென்று
எனக்கும் வடிவாகத் தெரியாது.
அவளுக்கு அது தேவைப்படவுமில்லை.
மிசின் குடித்துக்கொண்டேயிருந்தது.

கடைசிக் கட்டம்: பாயும் நாட்கள்.
புரட்டாதிக்குள் அனுப்பச் சொன்னார்கள்.
பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. வெறுமையாய் விட்டு அனுப்பினேன்.
கந்தோரில் யாரோ அதில் ஒரு பூச்சியம் போட்டிருக்கிறார்கள்.

கார்த்திகையில் நாலு இரவு விடாத மழை.
ஐந்தாம் நாள் விடியப்புறம் மூன்று மணிக்கு
தெரியாத இலக்கத்திலிருந்து போன்.
இரைச்சல். நாய் குரைக்கிற சத்தம்.
பிறகு ஒரு குரல், மூச்சு வாங்க:
"தங்கச்சி, ஆறு வந்திட்டுது."

வாய்க்கால் என்று அவர் சொல்லவில்லை.
நானும் நினைவுபடுத்தவில்லை.

விடிந்ததும் போனேன்.
குசினிக்குள் காஸ் சிலிண்டர் மிதந்து
அலுமாரியில் மெல்ல மெல்ல இடித்தது.
தர்மகுலசிங்கம் மேசையில் ஏறி நின்றார்,
ஒரு கையில் நாய், மறு கையில் காணி உறுதி சுற்றின பை.
மதிலில் ஒரு பாகம் விழுந்திருந்தது,
சரியாக, வரைபடத்தில் கோடு வளைகிற இடத்தில்.
நான் நாடாவை எடுத்தேன்.
ஆட்டோக்காரப் பெடியன் இல்லை.
"இஞ்ச தாங்கோ" என்று அவரே கீழே இறங்கி
இடுப்பளவு தண்ணீரில் நடந்து
மறுகரை வரைக்கும் முனையைக் கொண்டுபோனார்.
முப்பத்தொரு மீற்றர்.
இரண்டுபேரும் ஒன்றும் பேசவில்லை.

பதினாலாம் நாள் வற்றியது.
கிருபைராணிக்குப் பட்டதா என்று கேட்க எடுத்தேன்;
கடலுக்குப் போய்விட்டாள் என்றான் மகன்.
மதகடியில் அந்த மறியாடு திரும்ப நிற்கிறது.
நாடாவின் முதல் எண்கள் சேற்றில் அழிந்துபோயின.
இப்போது என்ன அளந்தாலும்
ஏழிலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது.